ஸ்கொட்லாந்து மரபில் ஒரு சாகசத் திகில் நாவல்: மறைபொருளாக எதை வைப்பது, மலையகத்தில் அதை எங்கே ஒளிப்பது?

கேள்வி: பொகவந்தலாவை வாசகி

அனைவருக்கும் வணக்கம். பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் நான், ஸ்கொட்லாந்து மரபில் வேரூன்றிய ஒரு சாகசத் திகில் நாவலைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பூண்டுலோயாவில் டன்சினேன், தலவாக்கலையில் ஹொலிரூட், அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, பெல்மோரல் என்று ஸ்கொட்லாந்தின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருந்தும் அந்த நாட்டுப் பழங்கதையை நம் மலைகளோடு முடிச்சுப் போட்ட ஒரு திகில் கதையை நான் இன்னும் படித்ததில்லை.

கதையின் சட்டகம் இது. காப்பிக் காலத்தின் கடைசியில் இங்கு வந்து, தேயிலைக் காலத்தில் பெரிய துரையாகி, இங்கேயே இறந்துபோன ஒருவரின் கடிதக்கட்டோடு, அவருடைய வம்சத்தான் ஒருவன் இன்றைய மலையகத்துக்கு வந்து இறங்குகிறான். துரை இங்கே ஏதோவொரு பொருளை ஒளித்துவைத்ததாகக் கடிதங்கள் சொல்கின்றன. அவனுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிற தோட்டத்துப் பெண், அவன் வந்த நோக்கம் நல்லதல்ல என்று இரண்டாம் நாளே உணர்ந்து, அவனுக்கு முன்னால் அந்தப் பொருளைக் கண்டெடுக்க முயல்கிறாள்.

இரண்டு இடங்களில் தயங்கி நிற்கிறேன். முதலாவது, அந்தப் பொருள் எது என்பது. 1746ஆம் ஆண்டு ஆர்கைக் ஏரிக்கரையில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஜேக்கோபைட் தங்கத்தை, அதாவது அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ந்தவர்களின் தங்கத்தை, வைக்கலாமா, அல்லது வாசகர் எதிர்பாராத வேறொன்று பொருந்துமா? இரண்டாவது, அதைத் தோட்டத்தில் எங்கே ஒளித்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கையிலும் சிக்காது என்று வாசகர் நம்புவார்? இவற்றோடு ஒரு கவலையும் உண்டு. வெள்ளைக்காரர் ஒளிக்க, வெள்ளைக்காரர் தேட, நம்மவர்கள் கூடை தூக்கி வழிகாட்டும் கதையாக இது முடிந்துவிடக் கூடாது.

மறுமொழி: கண்டிவாசி

ஆசிரியை அவர்களுக்கு, தங்கத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆர்கைக் ஏரிச் சம்பவம் தன்னளவில் சுவையானதுதான். கலொடன் போர்க்களத்தில் 1746 ஏப்ரல் 16ஆம் திகதி ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துபோன பிறகு, இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் இளவரசர் சாள்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டுக்கான பணத்தைக் கொண்டுவந்து மேற்குக் கரையில் இறக்கின. தோற்ற படைக்கு வந்து சேர்ந்த அந்தப் பணம், அதன்பின் கூட்டாளிகளையே ஒருவரையொருவர் சந்தேகிக்க வைத்தது. ஆனால் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியபோது கலொடன் நடந்து எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கடந்திருந்தன. கையில் தங்கம் வைத்திருந்த குடும்பம், அதைச் செலவழிக்காமல் கடல் தாண்டி இங்கே கொண்டுவந்து புதைத்ததற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? அதற்கு விடை தேடியே உங்கள் முதல் நூறு பக்கங்கள் கரைந்துவிடும். மேலும், ஜேக்கோபைட் தங்கம் மேற்கு மலைநாட்டுக் குலங்களின் கதை. இங்கே வந்த துரைமாரில் பெருந்தொகையினரோ வடகிழக்கு ஸ்கொட்லாந்தின் அபர்டீன், கின்கார்டின் பகுதிகளைச் சேர்ந்த குடியானவர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள்.

இந்தக் கின்கார்டின்தான் உங்கள் நாவலுக்குத் திறவுகோல் என்று நினைக்கிறேன். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1835இல் பிறந்தது அந்த மாவட்டத்து ஆக்கன்பிளே ஊர்ப்புறத்தில். அதே மாவட்டத்தின் கடற்கரைப் பாறைமேல் டன்னோட்டர் கோட்டை நிற்கிறது. ஸ்கொட்லாந்து மன்னர்களின் முடி, செங்கோல், அரசவாள் ஆகிய மூன்றும் மன்னராட்சியை ஒழித்த ஆங்கிலேயத் தலைவர் கிரொம்வெல்லின் படைக்கு அஞ்சி அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. 1651இல் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1652 மே மாதம் கோட்டை பணிந்து, ஆங்கிலேயர் உள்ளே நுழைந்து தேடியபோது அந்த மூன்றும் அங்கே இல்லை. கின்னெஃப் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தின் போதகருடைய மனைவி கிறிஸ்டியன் பிளெச்சரும் அவருடைய உதவியாளர்களும் அவற்றை முன்னரே வெளியே கடத்தியிருந்தார்கள். துணிக்குள் முடியும், சணற்கட்டுக்குள் செங்கோலும் போனதாக ஒரு மரபுக்கதை சொல்கிறது. பிறகு அவை அந்தத் தேவாலயத்தின் தரைக்கல்லுக்கு அடியில் எட்டு ஆண்டுகள் கிடந்தன. ஈரத்தில் கெட்டுவிடாதிருக்க, கணவனும் மனைவியும் இடையிடையே இரவில் அவற்றைத் தோண்டியெடுத்து நெருப்பருகே காயவைத்து மறுபடி புதைத்தார்கள். ஞாயிறுதோறும் சபை கூடுகிற இடத்தில், பிரசங்க மேடைக்கு முன்னால், காலடியில் ஒரு நாட்டின் முடி இருந்தது.

1660இல் மன்னராட்சி திரும்பியதும் பெருமையைப் பங்கிடுவதில் சண்டை தொடங்கியது. கோட்டைத் தலைவர் ஓகில்விக்கும் இன்னொரு பிரபு குடும்பத்துக்கும் பட்டங்கள் கிடைத்தன. உயிரைப் பணயம் வைத்த பெண்ணுக்கு நாடாளுமன்றம் 2,000 மெர்க் பணம் அறிவித்ததோடு சரி. மறைத்துக் காப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் வேறொருவர் என்னும் இந்தக் கோணலை வைத்தே உங்கள் கவலையையும் தீர்க்கலாம் என்று தோன்றுகிறது.

நாவலுக்கு வேண்டிய ஓட்டையும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. முடியும் செங்கோலும் வாளும் திரும்பி வந்தபோது வாளின் பட்டி மட்டும் வரவில்லை. ஓகில்விகளின் பாராஸ் என்னும் வீட்டுத் தோட்டச் சுவருக்குள் அது 1790இல் அகப்பட்டது. எடின்பரோக் கோட்டைக்கு அது போய்ச் சேர்ந்ததோ 1892இல். இடையில் நூறு ஆண்டுகள் அது தனியார் கையில் இருந்தது. அந்தப் பட்டியோடு சுவருக்குள் இன்னொரு சிறு பொருளும் இருந்ததென்றும், அதை ஒரு வேலைக்காரக் குடும்பம் எடுத்து வைத்துக்கொண்டதென்றும், அக்குடும்பத்துப் பையன் பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்தானென்றும் நீங்கள் கற்பனை செய்தால், வரலாறு அதற்கு எங்கும் குறுக்கே நிற்காது. அந்தப் பொருள் கற்பனை என்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதிவைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. ஜேம்ஸ் டெய்லர் இறந்ததும் அதே 1892, மே மாதத்தில். அவருடைய பிரேதத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் குழுக்களாக மாறி மாறித் தோளில் சுமந்து, லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை நடந்தே கொண்டுவந்தார்கள். மஹியாவ மயானத்தில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. டெய்லரை உங்கள் கதையின் துரையாக்க வேண்டாம். உண்மை மனிதர்மேல் திருட்டுப் பழி போடுவது முறையல்ல. கற்பனைத் துரை ஒருவரைப் பக்கத்துத் தோட்டத்தில் வையுங்கள். ஆனால் அந்தச் சவ ஊர்வலம் உங்கள் கதைக்குள் கட்டாயம் நடக்கட்டும். துரைமார் எல்லோருடைய கண்ணும் பெட்டியின்மேல் இருக்கும்போது, சுமை மாற்றி நடக்கிற ஒருவருடைய கம்பளிக்குள் அந்தப் பொருள் மலை இறங்கலாம், அல்லது மலை ஏறலாம்.

மறுமொழி: பழைய கணக்கப்பிள்ளை, மஸ்கெலியா

டீச்சருக்கு வணக்கம். கண்டிவாசி ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எங்கே ஒளிப்பது என்ற கேள்விக்குத் தோட்டத்துக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்கிறேன்.

பங்களாவை முதலில் கழித்துவிடுங்கள். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் பங்களா நெருப்பிடத்துக்குப் பின்னால்தான் பெட்டியை வைக்கிறார்கள். துரைக்குத் துரை கூரை மாறும், தரைப்பலகை மாறும், புதிதாக வருகிற துரைசானிக்குப் பழைய குசினி பிடிக்காது. அதோடு, பங்களாவில் வேலைக்காரரான அப்புவுக்குத் தெரியாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அப்புவுக்குத் தெரிந்தால் விடிவதற்குள் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குத் தெரியும்.

ஸ்டோரைப் பாருங்கள். பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் தண்ணீர் விழுந்து சுற்றுகிற ரோதையால் ஓடியவை. அந்த ரோதைக்குக் காவலாக ரோதமுனி உண்டு. பொட்டும் பூவும் வைத்த ஒரு கல்தான் சாமி. வருசத்துக்கொருமுறை பூசை நடக்கும். இயந்திரத்தில் யாருக்கும் கை போகக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். கம்பனி கைமாறும், துரை மாறுவார், ரோதை போய் மின்சாரம் வரும், ஆனால் அந்தக் கல்லை அசைக்க எந்தத் துரையும் துணியமாட்டார். அசைத்தால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்கு ஆள் வராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அந்தக் கல்லுக்கு அடியில் துரை ஒளிக்கக் கூடாது, டீச்சர். துரையிடமிருந்து வாங்கி அங்கே வைத்தது நம்முடைய ஆள் ஒருவராக இருக்க வேண்டும். பூசை செய்கிற குடும்பத்துக்கு மட்டும் விசயம் தெரியும். தகப்பன் மகனுக்குச் சொல்லியிருப்பான், அல்லது மகன் இல்லாத வீட்டில் மகளுக்கு. கின்னெஃப் போதகர் வீட்டு வேலையை இங்கே பூசாரி வீடு செய்கிறது. தயவுசெய்து கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி கடப்பாரையோடு வந்து சாமிக்கல்லைப் பெயர்க்க வேண்டாம். அதை எடுக்கக்கூடிய நாள் ஒன்று, எடுக்கக்கூடிய கை ஒன்று என்று ஒழுங்கு வையுங்கள். வில்லன் கடப்பாரையோடு வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

வம்சத்தான் கையிலுள்ள கடிதத்தில் மலைகளுக்கு, அதாவது பயிர் நிற்கிற நிலத்துண்டுகளுக்கு, நம்பர்தான் இருக்கும்: ஐந்தாம் நம்பர் மலையில் மேல்கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) எல்லைக்கல்லிலிருந்து இத்தனை அடி என்று எழுதியிருப்பான். காப்பி அழிந்து தேயிலை நட்டபோது நம்பர்கள் கலைந்தன, பிறகு மீள்நடுகையிலும் கலைந்தன. ஆனால் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கோயில் மலை, ஆத்தோரத்து மலை என்று சொல்வது பாட்டி காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது. அவன் வரைபடத்தோடு மூன்று நாள் சுற்றி அலைகிற இடத்தை, கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கிற ஒரு கிழவியிடம் உங்கள் பெண் ஒரு வார்த்தையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

துரத்தல் காட்சிக்கு மவுசாகலை நீர்த்தேக்கத்தை மறக்காதீர்கள். 1969இல் அதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் இடிபாடு வெளியே தெரியும். மக்கள் நடந்துபோய்க் கும்பிடுவார்கள். கரைச்சேறு காய்ந்ததுபோல மேலே வெடித்திருக்கும், காலை வைத்தால் முழங்கால்வரை இழுக்கும். ஊர்ப்பிள்ளைகள் பழைய தார்வீதி போன தடம் பிடித்துத்தான் போவார்கள். அந்தத் தடம் தெரியாதவன் அங்கே ஓடினால் என்னாகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

மறுமொழி: கூடலூர்ப் பேத்தி

அக்காவுக்கு வணக்கம். நான் நீலகிரி மாவட்டம் கூடலூரில் இருந்து எழுதுகிறேன். என் தாத்தா பாட்டி மலையகத்திலிருந்து வந்தவர்கள். பூசாரி குடும்பத்துக்கு மட்டும் தெரியும் என்று பெரியவர் சொன்னதைப் படித்தவுடன் எனக்கு வந்த எண்ணம், அந்தக் குடும்பம் இன்றைக்கும் அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் என்ன என்பதுதான்.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளி மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் குடும்பத்துக்கு அந்த நாடு, தம்பி குடும்பத்துக்கு இந்த நாடு என்று ஆனது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம் என்று வந்து, எங்களைப் போன்ற பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினோம். கல் எங்கே இருக்கிறது என்பது அங்கே தங்கிவிட்ட தம்பி வீட்டுக்குத் தெரியும், கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது இங்கே வந்துவிட்ட அண்ணன் வீட்டுக்குத் தெரியும் என்று வைத்துப் பாருங்கள். பாதி ரகசியம் கடலைத் தாண்டிவிடும். வில்லன் எவ்வளவு பணக்காரனாக இருந்தாலும் இந்தப் பிளவு அவனுடைய ஸ்காட்லாந்துக் கடிதங்களில் இருக்காது.

எங்கள் வீட்டில் அங்கிருந்து வந்த பொருள் என்றால் ஒரு தகரப் பெட்டி, ஒரு காமாட்சி விளக்கு, ஒரு துண்டுக் கம்பளி, அவ்வளவுதான். ஆனால் பாட்டிக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் மனப்பாடம். துப்பை ஒரு காகிதத்தில் வைக்காமல் ஒப்பாரியின் ஓர் அடியில் வையுங்கள். சவ ஊர்வலக் காட்சி இருப்பதால் அது இயல்பாகவே பொருந்தும்: தொரையைத் தூக்கிப் போன அன்று நம் வீட்டு ஆள் என்ன சுமந்தான் என்று பாட்டுக்குள்ளேயே சொல்லி அழலாம். சுங்கச் சோதனையில் பாட்டை யாரும் பறிக்க முடியாது.

மறுமொழி: பண்டாரவளை வாசகன்

எல்லோரும் வரலாற்றை அள்ளிக் கொட்டுகிறீர்கள். திகில் நாவலை யாரும் பேசவில்லை. டன்னோட்டர் முற்றுகையும் வாள்பட்டியும் ஒப்பந்தமும் விளக்கமாக வந்தால் ஐம்பதாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். அந்த வரலாறு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அவசரத்தில் இருக்கும்போது, அரைகுறையாக, பொய்யும் கலந்து வெளியே வர வேண்டும். வில்லன் தன் குடும்பப் பெருமையாகச் சொல்லும் கின்னெஃப் கதையில் அந்தப் பெண்ணின் பெயரே வராமல் இருக்கட்டும். நம் பெண் அதைப் பிறகு வேறிடத்தில் அறியட்டும்.

கட்டம்போட்ட பாவாடை, பைக்குழல், இன்ன குலத்துக்கு இன்ன நிறக்கட்டம் என்ற துப்புகளும் வேண்டாம். குலத்துக்கொரு கட்டம் என்ற ஒழுங்கே பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணி வியாபாரிகளும் கற்பனாவாதிகளும் சேர்ந்து உருவாக்கியது. 1746க்குப் பிறகு மலைநாட்டு உடைக்கே தடை இருந்து, 1782இல்தான் அது நீங்கியது. கின்கார்டின் தாழ்நிலத்துக் குடியானவன் வீட்டில் அந்த உடை இருந்திருக்கவே வாய்ப்பில்லை. வேண்டுமானால் வில்லன் அதை அணிந்துகொண்டு நுவரெலியா விடுதியில் விருந்துக்கு வரட்டும், விசயம் தெரிந்த ஒருவர் அங்கேயே அவனைச் சந்தேகிக்கட்டும்.

மலையகப் புகையிரதத்தில் துரத்தல் காட்சி எழுதுகிற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பட்டிப்பொல ஏற்றத்தில் அது போகிற வேகத்துக்கு வில்லன் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வான்.

பொகவந்தலாவை வாசகியின் பதில்

கண்டிவாசி ஐயாவின் வாள்பட்டியையே எடுத்துக்கொள்கிறேன். அதனோடு சுவருக்குள் இருந்த சிறு பொருளாக, ஒரு வெள்ளி முத்திரையைக் கற்பனை செய்திருக்கிறேன். விலை பெரிதல்ல, ஆனால் அன்று முடியை உண்மையில் சுமந்தவர் யார் என்று அதன் பின்புறத்தில் கீறியிருக்கும். அது வெளியே வந்தால் பட்டம் வாங்கிய ஒரு குடும்பத்தின் கதை பொய்யாகும். ஆகவே வம்சத்தான் அதை விற்க வரவில்லை, அழிக்க வருகிறான். துரை அதை ஒளித்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது: 1869இல் தொடங்கிய இலைத்துரு நோயில் காப்பி அழிந்து, 1884இல் ஓரியன்டல் வங்கியும் முறிந்த பிறகு கடனில் மூழ்கிய அவர், முத்திரையைக் காட்டி அந்தக் குடும்பத்தை மிரட்டிப் பணம் பெற்றுவந்தார். ஆகவே அவரும் நல்லவர் அல்லர். சாகும் தறுவாயில் அதை யாரிடம் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பது நாவலின் நடுப்பகுதி.

கூடலூர்த் தங்கையின் ஒப்பாரி யோசனையால் முழு அமைப்பும் மாறிவிட்டது. கதாநாயகிக்கு நீலகிரியில் ஒரு பெரியம்மா இருப்பார். இருவரும் தொலைபேசியில் மட்டுமே பேசிக்கொள்வார்கள், இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். பண்டாரவளை வாசகரின் எச்சரிக்கையையும் ஏற்று, டன்னோட்டர் வரலாறு முழுவதையும் வில்லனின் வாயால், அவனுக்கு வசதியான விதத்தில் சொல்ல வைக்கிறேன். புகையிரதக் காட்சி இருக்கும், ஆனால் அதில் யாரும் ஓடமாட்டார்கள். ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் அறியாததுபோல் நானுஓயாவிலிருந்து பதுளைவரை போவார்கள்.

கணக்கப்பிள்ளை ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1892இல், இரவில், ஒருவர் யார் கண்ணிலும் படாமல் ஸ்டோருக்குள் போய் ரோதமுனியின் கல்லடியில் ஒரு பொருளை வைக்க வேண்டும். ஸ்டோர் இரவில் பூட்டியிருக்குமா?

மறுமொழி: பழைய கணக்கப்பிள்ளை, மஸ்கெலியா

டீச்சர், கொழுந்து வந்த நாளில் ஸ்டோர் இரவிலும் உறங்காது. பகலில் எடுத்த கொழுந்தை மாடியில் பரப்பி வாட்டினால் அது வாடி முடியப் பல மணித்தியாலங்கள் செல்லும். பதம் பார்க்க ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். அரைவை விடியுமுன்பே தொடங்கிவிடும். ஆகவே கொழுந்து எடுக்காத நாளின் இரவைத் தேர்ந்தெடுங்கள். திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ வேலை நிறுத்திய அன்று மாடி வெறுமையாக இருக்கும், ரோதைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருப்பார்கள், காவல்காரரும் லயத்துப் பக்கம் தப்பு மேளம் கேட்கிற திசையில்தான் காதை வைத்திருப்பார். உங்கள் ஆள் கதவைத் திறக்க வேண்டியதே இல்லை. தண்ணீரை மறித்த நாளில் ரோதைக்குழி காய்ந்திருக்கும். வாய்க்கால் வழியாகக் குனிந்து வந்தால் கல்லுக்குப் பக்கத்திலேயே ஏறலாம். ஆனால் பொருளை வைத்துவிட்டு அவர் திரும்புவதற்குள் மேலே யாராவது மடையைத் திறந்துவிட்டால் என்ன செய்வார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.